உப்புக் காற்றில் ஒரு கொம்பி

கொச்சிக்கடை – வென்னப்புவ

மகா ஓயாப் பாலத்தைத் தாண்டியதும் கம்பஹா மாவட்டம் முடிந்து புத்தளம் மாவட்டம் தொடங்குகிறது. அங்கிருந்து சிலாபம் வரை ஏ-3 சாலையின் இருபக்கமும் தென்னந்தோப்பும் தேவாலயமும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். தோப்புகளில் ஒரு தென்னையின் தலையிலிருந்து இன்னொன்றின் தலைக்கு இரட்டைக் கயிறு கட்டியிருக்கிறார்கள். கீழ்க்கயிற்றில் கால் வைத்து, மேல்கயிற்றைப் பிடித்தபடி, மரத்துக்கு மரம் நடந்துபோய்க் கள் சேர்க்கிறார்கள். நான் தூத்துக்குடிக்காரன். ஒவ்வொரு பனையாக ஏறி இறங்கிப் பதனீர் எடுப்பதைப் பார்த்தே வளர்ந்தவன். தரைக்கு வராமலே ஒரு தோப்பைச் சுற்றி முடிக்கும் மனிதரை வண்டியை நிறுத்திப் பார்க்காமல் போக முடியவில்லை.

வண்டி, நீர்கொழும்பில் இருக்கும் நண்பருடையது. அவருடைய முன்னோர்கள் எங்கள் கரையிலிருந்து கடல் கடந்துபோன பரதவர்கள். வண்டி 1973ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் டைப் 2. இலங்கையில் எல்லோருக்கும் அது கொம்பி. 1967 ஆகஸ்டில் தொடங்கிய இரண்டாம் தலைமுறை. முன்கண்ணாடி நடுவில் பிரியாமல் ஒரே வளைவாக இருக்கும். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. பின்னால் காற்றால் குளிரும் எஞ்சின். நண்பர் அதைத் தரையோடு ஒட்டினாற்போல் தாழ்த்தி வைத்திருக்கிறார். நிற்கும்போது பார்க்க அத்தனை அழகு. பள்ளிக்கூடத்துக்கும் தேவாலயத்துக்கும் முன்னால் இருக்கும் வேகத்தடைகளை மட்டும் குறுக்குவாட்டில், ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டியிருந்தது.

இலங்கை அரசு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டி ஒவ்வொன்றையும் மக்கள் கண்ணைப்போலக் காத்தார்கள். நண்பரும் அப்படித்தான். இப்போது பின்டயர்கள் இரண்டும் உள்விளிம்பில் மொட்டையாகத் தேய்ந்துவிட்டன. புத்தளம் போய்ச் சேர்ந்ததும் புது டயர் போடுவதென்றும், எந்த டயர், எவ்வளவு உயரம் என்பதை வழியைப் பார்த்துத் தீர்மானிப்பதென்றும் பேசிக்கொண்டோம்.

வென்னப்புவவில் பலமாடி வீடுகள். இத்தாலிக்கு வேலைக்குப் போனவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்தவை. ஒரு வீட்டு வாசலில் நின்ற பெரியவர் கொம்பியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ரோமில இதே மாதிரி ஒன்று பார்த்தனான். அங்க ரோடு கண்ணாடி மாதிரி. இங்க எப்படி ஓட்டுறீங்க?" என்றார். பயணம் முழுக்க எங்களோடு வந்தது அந்தக் கேள்விதான்.

சிலாபம்

சிலாபத்துக்கு முன்பும் பின்பும் புத்தளம் ரயில்பாதை சாலையை வெட்டிக்கொண்டு போகிறது. தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் தார் பெயர்ந்து பள்ளம் விழுந்திருந்த ஒரு கடவையில், பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்த எனக்கு அடி முதுகெலும்பில் விழுந்தது. ஸ்பிரிங் அமுங்கும் வேலையே நடக்கவில்லை. அமுங்க இடமில்லாமல் ரப்பர்த் தடையில் போய் இடித்திருக்கிறது.

மீன் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் நண்டுக் குழம்பும் பாணும் சாப்பிட்டோம். சிலாபத்து நண்டுக்குப் பெயர் உண்டு. எங்கள் ஊரில் தேங்காயை அரைத்துவிட்டுக் காரமாக வைக்கும் குழம்பு இங்கே தேங்காய்ப்பாலில் முருங்கை இலையோடு வருகிறது. நண்டின் இனிப்பு அதில் கெடுவதில்லை. கையில் வடியும் குழம்போடு நண்பர் தன் வண்டியின் அடிப்பாகத்தை மேசையில் வரைந்து காட்டினார்.

இந்த கொம்பியின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. குறுக்கே இரண்டு குழாய்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. ஒவ்வொரு குழாய்க்குள்ளும் மெல்லிய எஃகுப் பட்டைகளின் கட்டு. சக்கரத்தைத் தாங்கும் கை மேலே எழும்போது அந்தக் கட்டு முறுக்கேறுகிறது; முறுக்கு திரும்பும்போது வண்டி நிலைக்கு வருகிறது. டார்ஷன் பார் என்பது இதுதான். தாழ்த்த இரண்டு வழிகள் உண்டு. குழாயின் நடுப்பகுதியை வெட்டி, அட்ஜஸ்டர் வைத்து வெல்டு செய்து, பட்டைக்கட்டையே சற்றுத் திருப்பிவிடுவது ஒன்று. அப்படிச் செய்தால் கை எப்போதுமே மேல்நோக்கி நிற்கும். அது தடையில் இடிக்க மிஞ்சும் தூரம் குறையும். இன்னொரு வழி, சக்கரம் பொருந்தும் ஸ்பிண்டிலையே மாற்றி, சக்கரத்தை இரண்டரை அங்குலம் உயரத்தில் பொருத்துவது. உடல் தாழும், கை பழைய இடத்திலேயே இருக்கும், அமுங்கும் தூரம் ஓர் இழைகூடக் குறையாது.

நண்பரின் வண்டியில் இரண்டும் இருந்தன. ஸ்பிண்டிலால் தாழ்ந்தது போதாமல் அட்ஜஸ்டரையும் கடைசிவரை இறக்கியிருந்தார்கள். கடவையில் வாங்கிய அடிக்குக் காரணம் அந்த அட்ஜஸ்டர்தான். தாழ்த்த விரும்புகிறவர் முதலில் ஸ்பிண்டிலுக்குச் செலவு செய்யவேண்டும் என்பது என் கருத்து. விலை கூடுதல்தான். ஆனால் இழப்பில்லாமல் கிடைக்கும் தாழ்வு அது ஒன்றே.

மாலையில் முன்னேஸ்வரம் போனோம். தமிழர்களின் ஈஸ்வரன் கோயில் வளாகத்தில் சிங்கள பௌத்தர்கள் காளியம்மன் சந்நிதியில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே வரிசையில் வேண்டுதல் கேட்டது.

உடப்பு

தெதுறு ஓயாவைக் கடந்து வடக்கே போனால் தென்னை மெல்லக் குறைந்து, இறால் பண்ணைக் குளங்கள் வருகின்றன. 1980களில் இந்தக் கரை முழுக்க வெட்டிய குளங்கள். பின்னால் வந்த வெள்ளைப்புள்ளி நோயில் பல கைவிடப்பட்டு, உப்புப் பூத்துக் கிடக்கின்றன. பத்துளு ஓயாவில் இடதுபக்கம் திரும்பினால் உடப்பு.

கடலுக்கும் முந்தல் களப்புக்கும் நடுவே ஒடுங்கிய மணல் திட்டில் நெருக்கமாக அமைந்த தமிழ்க் கிராமம் அது. தங்கள் முன்னோர்கள் இராமேஸ்வரம் பக்கமிருந்து வந்தவர்கள் என்று ஊரார் சொல்கிறார்கள். திரௌபதை அம்மன் கோயிலில் ஆடியில் நடக்கும் தீமிதிப்புக்கு வெளியூர்களிலிருந்தும் கூட்டம் வரும். சிங்களப் பெயர்ப்பலகைகளையே பார்த்துவந்த கண்ணுக்கு இராமநாதபுரத்துக் கடலோர ஊர் ஒன்றுக்குள் நுழைந்தது போலிருந்தது. பேச்சிலும் எங்கள் பக்கத்து இழுவை கொஞ்சம் இருக்கிறது.

கரைவலை இழுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கடற்கரைக்கு வண்டியைத் திருப்பினோம். கல் பாவிய பாதை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் நின்ற ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதுக்கு மேல விடாதீங்க ஐயா. இவ்வளவு பதிவா இருக்கிற வண்டி மணல்ல வயிறு தட்டும். பிறகு ட்ரக்டர்தான் இழுக்கணும்."

"காத்தைக் குறைச்சா ஏறாதா?" என்று நண்பர் கேட்டார்.

அவர் குனிந்து டயரைப் பார்த்தார். "குறைக்கிறதுக்கு இதில என்ன இருக்கு?"

அவர் சொன்னது அப்படியே சரி. மணலில் போகும்போது டயரில் காற்றைக் குறைத்தால், டயர் நீளவாக்கில் பரந்து அதிக மணலை மிதிக்கும், புதையாது. அதற்கு டயருக்குப் பக்கச்சுவர் வேண்டும். நண்பர் 15 அங்குல அலாய் ரிம்மில் போட்டிருந்தவை 195/50 கார் டயர்கள். அவற்றின் பக்கச்சுவர் பத்து சென்டிமீட்டர்கூட இல்லை. காற்றைக் குறைத்தால் ரிம்தான் மணலைத் தொடும்.

நடந்தே போனோம். வலையின் இரண்டு கயிறுகளையும் இரண்டு வரிசை ஆட்கள் இழுத்தார்கள். ஒருவர் அம்பா பாட, மற்றவர்கள் இழுப்புக்கு இழுப்பு பதில் குரல் கொடுத்தார்கள். இந்த ஊரின் அம்பாப் பாடல்கள் ஈழத்து நாட்டார் வழக்காற்றில் பெயர்பெற்றவை. மடியில் விழுந்தது நெத்தலியும் சாளையும். எங்களைத் தடுத்த அதே மனிதர் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போடச் செய்தார். பொரித்த நெத்தலி, சொதி, மாசிக் கருவாட்டுச் சம்பல். அந்த வீட்டு அக்கா, "தூத்துக்குடியில இருந்தா வாறீங்க? அங்க மாசி கிடைக்குமா?" என்று கேட்டார். மாலத்தீவிலிருந்து தோணியில் வந்திறங்கிய பழக்கம், எங்கள் வீட்டிலும் உண்டு என்றதும் அவருக்கு அத்தனை மகிழ்ச்சி.

புத்தளம்

புத்தளத்துக்குள் நுழையும்போது வெயில் வேறாகிவிடுகிறது. ஈரக்காற்றும் தென்னை நிழலும் போய், வறண்ட வெளிச்சம். தெருவில் கழுதைகள். களப்போரம் உப்பளங்கள். 1344இல் இந்தத் தீவுக்கு வந்த பயணி இப்னு பதூதா, யாழ்ப்பாண அரசர் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த 'பத்தாலா' இந்த ஊர்தான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள்.

உப்பளத்தைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம். தூத்துக்குடியில் பெரும்பாலும் நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பாத்தி கட்டுகிறோம். இங்கே களப்பு நீரையே ஏற்றுகிறார்கள். புத்தளக் களப்பின் தென்கோடி கடலைவிட உப்பு மிகுந்தது. மழை தவறான நேரத்தில் வந்தால் இரண்டு ஊருக்கும் ஒரே கதிதான். உற்பத்தி விழுந்ததால் 2025இல் இலங்கை இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்தது. உப்பள வேலையாட்களின் காலைப் பார்த்தாலே, இந்தக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று தெரியும்.

நண்பர் அழைத்துப்போன கராஜ் ஒரு பெரிய வேப்பமரத்தின் கீழ் இருந்தது. நடத்துகிறவரை எல்லோரும் நானா என்றே கூப்பிடுகிறார்கள். மன்னார் எருக்கலம்பிட்டிக்காரர். 1990 அக்டோபரில் வடக்கின் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது, வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு படகில் கற்பிட்டிக்கு வந்து இறங்கிய சிறுவன். "வாப்பா கொண்டுவந்தது ஒரு ஸ்பானர் செட் மட்டும்தான்" என்றார். அந்த ஸ்பானர்களில் சில இன்னும் அவருடைய பெட்டியில் இருக்கின்றன.

வண்டியை ஜாக்கில் ஏற்றியதும் அவர் முதலில் பார்த்தது டயரை அல்ல. முன்குழாயில் அட்ஜஸ்டர் வெல்டு வைத்த இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்த்தார். துரு தொடங்கியிருந்தது. "உப்புக்காத்து முதல்ல பிடிக்கிறது வெல்டைத்தான். இது விட்டா முன்சக்கரம் ரெண்டும் கையைவிட்டுப் போகும்." சுத்தம் செய்து, துருத்தடைப் பெயின்ட் அடித்து, குழாயின் நிப்பிள்களில் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புது கிரீஸ் ஏற்றினார். பிறகுதான் டயரின் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்தார்.

195/50 ஆர் 15, அதன்பின் 82. இந்த 82தான் சுமைக் குறியீடு: ஒரு டயர் 475 கிலோ தாங்கும் என்று பொருள். பின்அச்சில் இரண்டும் சேர்ந்து 950. கட்டில், அடுப்பு, தண்ணீர், ஆட்கள் எல்லாம் ஏறினால் இந்த கொம்பி மொத்தம் இரண்டு டன்னைத் தாண்டும். எஞ்சின் பின்னால் இருப்பதால் பின்அச்சின்மேல் மட்டும் ஒரு டன்னுக்கு மேல். அந்த டயர்கள் தாங்கும் அளவைத் தாண்டிய பாரத்தோடுதான் நாங்கள் நீர்கொழும்பிலிருந்து வந்திருக்கிறோம். கார் டயர் அழகாக உட்காருகிறதே என்று வானுக்குப் போடுகிறவர்கள் இந்த ஓர் எண்ணைப் படித்தால் போதும்.

தொழிற்சாலை இந்த வண்டிக்குக் கொடுத்தது 185 ஆர் 14 அளவு. அதில் 'சி' எழுத்துள்ள சரக்கு வண்டி டயர்களின் சுமைக் குறியீடு 102: ஒரு டயருக்கு 850 கிலோ. உயரம் ஏறக்குறைய 65 சென்டிமீட்டர். நண்பர் போட்டிருந்ததோ 57.6. சக்கரம் சிறுத்தால் அது அதிக முறை சுழலும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 53 வேகத்தில்தான் போகும். எஞ்சின் வீணாகக் கூடுதல் சுற்றுச் சுற்றிச் சூடேறும்; காற்றால் குளிரும் எஞ்சினுக்குப் புத்தளத்து வெயிலில் அது சின்ன விஷயமல்ல.

நண்பருக்கு 15 அங்குல ரிம்களை விட மனமில்லை. 1970 ஆகஸ்டுக்குப் பிந்திய கொம்பிகளில் ஐந்து போல்ட்களும் 112 மில்லிமீட்டர் வட்டத்தில் அமைந்தவை. மெர்சிடிஸ் ரிம்கள் பொருந்துவது அதனால்தான். நானா ரிம்மின் உள்பக்கத்தில் பொறித்திருந்த சுமை அளவைப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகே சரி என்றார். டயர் தாங்கி ரிம் தாங்காவிட்டால் பயனில்லை. வான்காரர்கள் வந்துபோகும் டயர்க்கடை ஒன்றில் 195/70 ஆர் 15 சி நாலும் கிடைத்தன. குறியீடு 104, ஒன்றுக்கு 900 கிலோ. உயரம் 65.4 சென்டிமீட்டர். பக்கச்சுவரில் இருக்கும் நாலு இலக்கத்தை, எந்த வாரம் எந்த ஆண்டு செய்த டயர் என்பதை, கடைக்காரர் தானாகவே காட்டினார். வெயிலில் கிடந்த பழைய டயர் பூ தேயாமலே வெடிக்கும்.

டயர் உயர்ந்ததால் மட்டும் வண்டி நாலு சென்டிமீட்டர் எழுந்தது. ஆனால் முழு உயர டயர், திருப்பும்போது மட்கார்டில் உரசும். நானா அட்ஜஸ்டரைத் தளர்த்தி முன்பக்கத்தை ஓர் அங்குலம் ஏற்றினார். நண்பர் முகம் சுருங்கியது. "அண்ணன், ஸ்பிண்டில் இறக்கின இறக்கம் அப்படியே இருக்கு. வடிவு போகாது. கை மட்டும் இப்ப வேலை செய்யும்" என்றார் நானா. அட்ஜஸ்டரால் தாழ்ந்த வண்டிக்குக் குட்டையான ஷாக்தான் வேண்டும். பழைய நீளத்து ஷாக் பாதி அமுங்கிய நிலையிலேயே நின்று, பள்ளத்தில் அடிவரை முட்டி உடையும். அதையும் மாற்றினார். பின்சக்கரங்களின் தலை உள்ளே சாய்ந்திருந்ததை அலைன்மென்டில் முடிந்த அளவு நிமிர்த்தினார். தாழ்த்திய கொம்பியில் அது முழுதும் நிமிராது. உள்விளிம்பு கொஞ்சம் சீக்கிரம் தேயத்தான் செய்யும்; டயர்களை அவ்வப்போது இடம் மாற்றிப் போடவேண்டும்.

வேலை முடிந்த இரவு அவர் வீட்டில் சாப்பாடு. ஒரு பெரிய சகனைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே தட்டில் நெய்ச்சோறும் இறைச்சியும். பிறகு வட்டிலப்பம். அவருடைய உம்மா, மன்னாரிலிருந்து பார்த்தால் இராமேஸ்வரத்து விளக்குகள் தெரிந்த நாட்களைப் பற்றிப் பேசினார்.

கற்பிட்டி

பாலாவிச் சந்திக்குத் திரும்பிவந்து மேற்கே பிரிந்தோம். இடதுபக்கம் கடல், வலதுபக்கம் களப்பு. நடுவே மணல் நாக்கு. அந்த மணலில் வெங்காயமும் மிளகாயும் பீட்ரூட்டும் விளைகின்றன. நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்தின் புகைக்கூண்டு நெடுந்தூரம் கூடவே வருகிறது. அதன் நிழலில் தோட்டம் வைத்திருப்பவர்கள் இலையில் படியும் சாம்பலைப் பற்றிச் சொல்கிறார்கள். தூத்துக்குடியில் அனல்மின் நிலையத்தின் பக்கத்தில் இருப்பவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

இங்கே காற்றுதான் எல்லாம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று நிற்காமல் அடிக்கும். காற்றாலைகள் சுற்றுகின்றன, களப்பில் ஐரோப்பியர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்மேல் சறுக்குகிறார்கள். கொம்பிக்கு இந்தக் காற்று பழைய எதிரி. தட்டையான உயர்ந்த பக்கம், கனமெல்லாம் பின்னால். பக்கக்காற்று அடித்தால் லேசான மூக்கைத் தள்ளிக்கொண்டு போகும். தாழ்த்தியதன் உண்மையான நன்மையை இங்கேதான் உணர்ந்தேன். கனம் தரைக்கு அருகில் இருப்பதால் வண்டி சாயவில்லை. புது டயரின் தடித்த பக்கச்சுவரும் நெளியவில்லை. தாழ்வு வேண்டவே வேண்டாம் என்று சொல்கிறவர்களோடு இதனால்தான் நான் சேரமாட்டேன்.

தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தின் பரந்த மணல்வெளி காலியாக இருந்தது. மார்ச், ஆகஸ்ட் திருவிழாக்களில் குடும்பம் குடும்பமாக வந்து இங்கே குடில் போட்டுத் தங்குவார்கள். ஆகஸ்ட் 5ஆம் தேதி பனிமய மாதா திருவிழா நடக்கும் எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு அந்தக் கூட்டத்தைக் கற்பனை செய்வது கடினமில்லை. கற்பிட்டி முனையில் டச்சுக்காரர்கள் 1667 முதல் 1676 வரை கட்டிய கோட்டை, கடற்படை முகாமுக்குள் நிற்கிறது. 1947இல் இந்த கொம்பியின் முதல் உருவத்தைக் குறிப்பேட்டில் வரைந்த பென் பொன்னும் டச்சுக்காரர் என்பதை நண்பர் கோட்டை வாசலில் நின்று சொன்னார்.

ஆலங்குடாவில் மணல் பாதை. நாலு டயரிலும் காற்றை 20 பிஎஸ்ஐக்கு இறக்கி, பிரேக் மிதிக்காமல் மெல்ல ஓட்டினார். வண்டி நடந்துபோவதுபோல் போய்க் கடலோரம் நின்றது. தார்ச்சாலைக்குத் திரும்பியதும் கைப்பம்பால் முதலில் காற்றை ஏற்றினோம். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் டயர் உள்ளுக்குள் வெந்து பிரியும்.

எலுவன்குளம்

புத்தளத்துக்கு வடக்கே வண்ணாத்திவில்லு தாண்டி எலுவன்குளம். கலா ஓயாவின் கழிமுகத்தில் கண்டல்காடு. ஆற்றின் குறுக்கே தாழ்ந்த பாலம், மழைக்காலத்தில் தண்ணீர் அதன்மேல் ஓடும். அப்பால் வில்பத்துக் காடு, மன்னாருக்குப் போன பழைய பாதையின் செம்மண் தடம். ஆற்றங்கரையில் கொம்பியை நிறுத்தித் தேநீர் வைத்தோம். அடியில் கைவிட்டுப் பார்த்த நண்பர், எஞ்சின் தகட்டில் புதுக் கீறல் ஒன்றுமில்லை என்றார். இதற்கு மேல் தாழ்ந்த வண்டிக்கு வழியில்லை, திரும்பினோம்.

தாழ்த்திய கொம்பியோடு இந்தக் கரைக்கு வரப்போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். உயரத்தை முதலில் முடிவு செய்யாதீர்கள். பாரம் தாங்கும் 'சி' டயரை, புத்தளத்துக் கடையிலும் கிடைக்கும் அளவில், முதலில் தேர்ந்தெடுங்கள். 14 அங்குல ரிம் என்றால் 185 ஆர் 14 சி போதும், தேடி அலையவேண்டியதில்லை. அதற்கு இடம் விட்டு ஸ்பிண்டிலால் தாழ்த்துங்கள். அட்ஜஸ்டராலும் தாழ்த்தினால் ஷாக்கைக் குட்டையாக்குங்கள், முன்குழாய்க்கு மறக்காமல் கிரீஸ் வையுங்கள். நாலு சக்கரத்துக்கும் ஒரே அளவு போட்டால் உபரி டயர் ஒன்று போதும். எலுவன்குளத்தில் டயர்க்கடை கிடையாது.